முப்பது ஒற்றை டாலர் நோட்டுகள்

“மாலத்தீவுக்குப் போயிட்டு வந்தீங்களாமே! எவ்வளவு ஆச்சு?”

எங்கள் தெருவில் என்னை இப்படிக் கேட்காதவர்கள் இல்லை. நானும் காசு சுத்தமாகச் சொல்லிவிடுவேன். எல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டில் இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அதை உங்களிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இன்றைக்குப் பேனாவை எடுத்தேன். போகப் போகிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும். என் மனசும் கொஞ்சம் லேசாகும்.

2025 பிப்ரவரியில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் பூர்த்தியானது. கல்யாணமான புதிதில் கன்னியாகுமரிக்குப் போய் வந்ததோடு சரி. அதன் பிறகு பிரசவம், பிள்ளைகள் படிப்பு, மாமியார் வைத்தியம் என்று வருஷங்கள் ஓடிவிட்டன. நான் மாதாமாதம் கட்டிய சீட்டு முடிந்து பணம் கைக்கு வந்தபோது, என்னவர், “வீட்டுக்கு எதுவும் வாங்க வேண்டாம். ஒரு தடவை எல்லாருமா எங்கேயாவது போயிட்டு வருவோம்” என்றார். எங்கள் திருநெல்வேலியிலிருந்து ரயிலில் திருவனந்தபுரம் போய்விட்டால், அங்கிருந்து மாலத்தீவு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நம்மவர்களுக்கு முன்கூட்டி விசா எடுக்கிற வேலையும் இல்லை, போய் இறங்கியதும் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் பெண்ணுக்குப் பதினெட்டு, பையனுக்குப் பதின்மூன்று. நாலு பேரும் கிளம்பினோம்.

என்னவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர் 2024-ல் போய் வந்தவர். “ரிசார்ட்டெல்லாம் நமக்குக் கட்டாது. அந்த ஊர் ஜனங்க குடியிருக்கிற தீவுல சின்ன விடுதியா பார்த்துத் தங்குங்க” என்று சொல்லி, மாஃபுஷி என்ற தீவின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். கூடவே இரண்டு குறிப்புகள்: பசுமை வரி என்று ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை, ஆனால் பெட்டி தூக்குகிறவருக்கு ஒன்றிரண்டு டாலர், அறையைச் சுத்தம் செய்கிறவருக்குப் போகும்போது சில டாலர் என்று கொடுப்பது வழக்கம், அதற்கு ஒற்றை டாலர் நோட்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நான் அப்படியே செய்தேன். பணம் மாற்றுகிற கடையில் கெஞ்சாத குறையாகக் கேட்டு, முப்பது ஒற்றை டாலர் நோட்டுகள் வாங்கினேன். ரப்பர் பாண்டு போட்டு, கைப்பையின் உள்ளறையில் தனியாக வைத்தேன். அறைப் பையனுக்கு இவ்வளவு, படகுக்காரர்களுக்கு இவ்வளவு என்று பங்கும் பிரித்து வைத்திருந்தேன். கொடுக்கக் கூடாது என்று நினைத்துப் போனவள் இல்லை நான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

விமான நிலையமே ஒரு தனித் தீவு. வெளியே வந்தால் ஆட்டோ ஸ்டாண்டு மாதிரி படகுகள் நிற்கின்றன. அதிவேகப் படகில் முக்கால் மணி நேரத்துக்குள் மாஃபுஷி. மணல் தெருக்கள், பள்ளிவாசல், சின்னச் சின்னக் கடைகள். காலைப் பலகாரத்துக்கு மாஸ் ஹுனி கொடுத்தார்கள். சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் போட்டுப் பிசைந்தது. தொட்டுக்கொள்ள நம் சப்பாத்தி மாதிரி ரொஷி. எங்கள் பக்கத்து மாசிச் சம்பலுக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லலாம்!

வம்பு ஆரம்பித்தது விடுதியில் நுழைந்த முதல் பத்து நிமிஷத்தில். அறை வாடகையை ஊரிலிருந்தே கட்டியிருந்தோம். விற்பனை வரி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் அதிலேயே சேர்த்தி. பசுமை வரி மட்டும் நேரில் கட்ட வேண்டும். நாலு பேர், நாலு நாள், 3 டாலர் வீதம் 48 டாலர் எடுத்து நீட்டினேன். மேஜையில் இருந்தவர் பணிவாக, “96 டாலர், மேடம்” என்றார்.

எனக்கு சுருக்கென்று வந்துவிட்டது. அரைகுறை இங்கிலீஷிலும், என் பெண் மூலமாகவும் வாதாடினேன். அவர் ஒரு காகிதத்தைக் காட்டினார். 2025 ஜனவரி 1 முதல் சின்ன விடுதிகளில் 3 டாலர் 6 டாலராகிவிட்டதாம். பெரிய ரிசார்ட்டுகளில் 6 டாலராக இருந்தது 12. எங்கள் ரசீதை விரித்துப் பார்த்தால் அதிலேயும் பொடி எழுத்தில் 6 என்றுதான் இருந்தது. படிக்காமல் விட்டது எங்கள் தப்புதான். நண்பர் போனது போன வருஷம், நாங்கள் போனது வரி ஏறிய இரண்டாவது மாதம். 48 டாலர் அதிகம். அன்றைய மதிப்பில் நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய்!

கொடுத்துவிட்டு மேலே வந்தேன். ஆனால் மனசு ஆறவில்லை. சீட்டுப் பணம் கட்டியவளுக்குத்தானே தெரியும், நாலாயிரம் ரூபாய் எத்தனை நாள் மிச்சப்படுத்தியது என்று. அந்த வேகத்தில் ஒரு முடிவு எடுத்தேன். ‘சர்வீஸ் சார்ஜ்தான் வாங்கிட்டாங்களே, இன்னும் எதுக்கு டிப்ஸ்? முப்பது டாலரையும் அப்படியே கொண்டு போனால் நஷ்டத்தில் பாதிக்கு மேலாவது சரியாப் போகும்’ என்று ரப்பர் பாண்டை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே தள்ளினேன். கணக்கு நேராகிவிட்ட திருப்தி எனக்கு.

எங்கள் அறையைக் கவனித்தது ஒரு வங்காள தேசத்துப் பையன். இருபத்திரண்டு, இருபத்திமூன்று வயசு இருக்கும். அந்த நாட்டில் விடுதி வேலை, கட்டட வேலை எல்லாவற்றிலும் வங்காள தேசத்தவர்கள் நிறையப் பேர். நம் நாட்டவர்கள், இலங்கைக்காரர்களும் உண்டு. அவனுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் ஹிந்தி தெரியும். எனக்கு இரண்டும் தகராறு. என்றாலும் “மா, தண்ணி?” என்று கேட்பான். யாரிடம் கற்றானோ, ‘தண்ணி’ என்ற தமிழ் வார்த்தை அவனுக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் எல்லாரும் படகில் மணல் திட்டுக்குப் போனோம். நல்ல வெயில், படகு ஆட்டம் வேறு. திரும்பி வந்ததிலிருந்து பையனுக்குத் தலை சுற்றல். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கையிலேயே வாந்தி எடுத்துவிட்டான். விரிப்பு, தலையணை, தரை எல்லாம் நாசம். நான் துடைக்கப் போனேன். அந்தப் பையன் என்னை விடவில்லை. வேலை நேரம் முடிந்து போயிருந்தவன், ஒரு சொல் இல்லாமல், முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துப்போய், தரையைக் கழுவி, புது விரிப்புப் போட்டான். நான் ஊரிலிருந்து கொண்டு போயிருந்த உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு பிளாஸ்க்கில் வெந்நீரும், ஒரு கிண்ணத்தில் குழைந்த சோற்றுக் கஞ்சியும் கொண்டு வந்து வைத்தான். சமையலறை சாத்தியான பிறகு எப்படிக் காய்ச்சினானோ! பெற்ற தாய் பக்கத்தில் இருக்கும்போது, ஊர் பேர் தெரியாத பையன் என் பிள்ளைக்குக் கஞ்சி கொண்டு வருகிறான். நான் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் பையன் தெளிந்து விளையாடப் போய்விட்டான். நானும் என்னவரும் படகுத்துறைப் பக்கம் நடந்தோம். அங்கே மூட்டை மூட்டையாகக் குப்பை அடுக்கியிருந்தது. “இதெல்லாம் எங்கே போகும்?” என்றேன். “படகுலதான் போகணும். இங்கே குழி தோண்டிப் புதைக்க இடம் ஏது?” என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்த நாட்டில் சுமார் 1,190 தீவுகள். ஜனங்கள் குடியிருப்பது அதில் 200-க்கும் குறைவு. இயற்கையாக உயர்ந்த இடம் என்றால் அதுவே இரண்டரை மீட்டர் கூடக் கிடையாது. நம் வீட்டுக் கூரை உயரம்கூட இல்லை. தலைநகர் மாலே பக்கத்தில் திலஃபுஷி என்று ஒரு தீவு, 1990-களிலிருந்து கடலில் குப்பையைக் கொட்டிக் கொட்டியே உண்டாக்கியது. குடிக்கிற தண்ணீரைக் கடலிலிருந்து உப்பு நீக்கி எடுக்கிறார்கள். அரிசி, பருப்பு, காய்கறியில் முக்கால்வாசி கப்பலில் வர வேண்டும்.

2015-ல் ரிசார்ட்டுகளிலும், மறு வருஷம் சின்ன விடுதிகளிலும் ஆரம்பித்த அந்தப் பசுமை வரி, குப்பை அகற்றுவது, கழிவுநீர், குடிநீர் போன்ற வேலைகளுக்காகத்தான். நாலு நாளில் நாங்களே எத்தனை தண்ணீர் பாட்டில் காலி செய்திருப்போம்! வீட்டுக்கு விருந்தாளி வந்தால் குப்பைக் கூடை சீக்கிரம் நிரம்புவது நமக்குத் தெரியாதா? 96 டாலர் கொடுத்தது அப்போது எனக்கு உறுத்தவில்லை. வரியின் மேல் இருந்த கோபம் அந்தப் படகுத்துறையிலேயே போய்விட்டது.

ஆனால் பாருங்கள், கோபம் போன பிறகும் ரப்பர் பாண்டை நான் அவிழ்க்கவில்லை. பிடித்த பிடி அப்படி. அதுதான் என்னை இன்றைக்கும் வருத்துகிறது.

கிளம்புகிற நேரம். அவன்தான் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் படகுத்துறை வரை தள்ளி வந்தான். படகில் ஏற்றிவிட்டு ஒரு ஓரமாக நின்றான். கேட்கவில்லை, கையை நீட்டவில்லை, சும்மா நின்றான். என்னவர் என்னைப் பார்த்தார். பணப்பை என்னிடம்தானே. “சர்வீஸ் சார்ஜ் குடுத்தாச்சுங்க” என்று முணுமுணுத்துவிட்டு, நான் கடலைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து என் பையன் கையில் கொடுத்து, மோந்து பார்க்கிற மாதிரி சைகை காட்டினான். படகில் மறுபடி குமட்டல் வரக் கூடாது என்று! படகு நகர்ந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது அவன் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தான்.

“அம்மா, அந்த அண்ணாவுக்கு ஏதாவது குடுத்தியா?” என்று பையன் கேட்டான். படகுச் சத்தத்தில் காதில் விழாதது மாதிரி இருந்துவிட்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஊருக்கு வந்து அந்த முப்பது நோட்டை மாற்றப் போனால், “சின்ன நோட்டுக்கு ரேட் குறைச்சல்தாம்மா” என்றார் கடைக்காரர். மாற்றாமலே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

சகோதரிகளே, இதை நான் யாரிடம் சொல்லியிருந்தாலும் “அதனால என்ன, கட்டாயமில்லையே” என்று தேற்றியிருப்பார்கள். ஆனால் நான் சொன்னது என் அப்பாவிடம். என் அப்பா முப்பது வருஷம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு ஓட்டலில் சர்வராக இருந்தவர். சோம்புத் தட்டிலும் டம்ளருக்கு அடியிலும் வைத்துவிட்டுப் போகிற நாலணா, எட்டணா, ஒரு ரூபாய்க் காசுகளை ராத்திரி வேட்டி மடிப்பில் கொண்டு வருவார். சில காசில் சாம்பார் ஒட்டியிருக்கும். அம்மா அதைக் குழாயடியில் கழுவி, ஒரு பால் பவுடர் டப்பாவில் போட்டு வைப்பாள். சம்பளம் அரிசிக்கும் வாடகைக்கும். நோட்டு, பேனா, பள்ளிக்கூடத்து உல்லாசப் பயணம் எல்லாம் அந்த டப்பாவிலிருந்துதான். நான் பிளஸ் டூ வரை படித்தது மேஜைக் காசில். அப்படிப்பட்டவள் நான்!

அப்பாவுக்கு இப்போது எழுபத்தேழு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: “கேட்டியாம்மா, காசு வைக்காம போனவங்க எத்தனையோ பேரு. ஒருத்தர் முகமும் எனக்கு ஞாபகமில்ல. அவங்க கைல இருந்திருக்காது, இல்ல வழக்கம் தெரிஞ்சிருக்காது. ஆனா முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனாங்க பாரு, அவங்கதான் இன்னும் கண்ணுல நிக்காங்க.”

எனக்கு வாயடைத்துப் போயிற்று. முப்பது டாலரை நான் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஒரு ‘நன்றி’ சொல்லி, ராத்திரி கஞ்சி கொண்டு வந்தாயே என்று முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வெறுங்கையாக வந்திருந்தால்கூட இவ்வளவு தப்பில்லை. கொடுக்காமல் இருப்பதற்காகப் பார்க்காமலும் இருந்தேனே, அதுதான் தப்பு.

மே மாதம் பக்கத்து வீட்டுப் பையன் புது மனைவியோடு அதே விடுதிக்குப் போனான். நானே முந்திக்கொண்டு இருபது நோட்டை ஒரு கவரில் போட்டு, அடையாளம் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அங்கிருந்து போன் வந்தது. “அக்கா, நீங்க சொன்ன ஆள் இங்கே இல்லையாம். வேற தீவுக்கு வேலைக்குப் போயிட்டாராம். இப்ப இருக்கிறவர்கிட்ட குடுக்கட்டுமா?” கொடு என்றேன். அவனும் யாரோ பெற்ற பிள்ளைதானே. கொடுத்தது நல்லதுதான். ஆனாலும் நான் கடன்பட்டது அவனிடம் இல்லை. மீதிப் பத்து நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

இனி, போகிறவர்களுக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மாலத்தீவில் பணம் மூன்று பெயரில் போகிறது. மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது வரி, அது அந்த மண்ணுக்கும் அரசாங்கத்துக்கும். பசுமை வரி மட்டுமில்லை, சுற்றுலாச் செலவுகள் மேல் விற்பனை வரியும் உண்டு. நாங்கள் போனபோது 16 சதவீதம், 2025 ஜூலையிலிருந்து 17. விடுதிகள் போடும் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், சர்வீஸ் சார்ஜும் வரியும் இன்னும் சேரவில்லை என்று அர்த்தம். 60 டாலர் அறை என்றால் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் சேர்த்து 66, அதன் மேல் 17 சதவீதம் வரி போட்டால் 77 டாலரைத் தாண்டிவிடும். பசுமை வரி அதற்கும் மேலே. கைக்குழந்தைக்காரர்கள் கவனிக்க: இரண்டு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பசுமை வரி கிடையாது. விமான டிக்கெட்டிலும் வரி ஒளிந்திருக்கிறது. 2024 டிசம்பரிலிருந்து சாதாரண வகுப்பில் வெளிநாட்டவர் ஒருவருக்குப் புறப்பாட்டு வரி 50 டாலர், விமான நிலைய வளர்ச்சிக் கட்டணம் இன்னொரு 50. டிக்கெட் விலையிலேயே சேர்ந்துவிடுவதால் நமக்குத் தெரிவதில்லை. இந்த வரிகள் ஏறிக்கொண்டே இருப்பவை. போன வருஷம் போனவர் சொன்ன கணக்கை நம்பாமல், கிளம்புகிற மாதத்தில் விடுதிக்கே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது சர்வீஸ் சார்ஜ். அது ஊழியர்களுக்குத்தான். 2020-ல் அங்கே தொழிலாளர் சட்டத்தைத் திருத்தி, வசூலாவதில் 99 சதவீதத்தை ஊழியர்களுக்குப் பிரித்துத் தர வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே, ‘சர்வீஸ் சார்ஜ் கொடுத்தாயிற்று’ என்று நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் அது எல்லாருக்குமாகச் சேர்ந்து பிரிகிற பணம். ராத்திரி ஒன்பது மணிக்குக் கஞ்சி காய்ச்சியவனுக்கு என்று அதில் தனியாக எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் டிப்ஸ். அதைச் சட்டம் கேட்கவில்லை, பில்லும் கேட்கவில்லை. நம் கைக்கு எட்டினதைக் கொடுக்கலாம், இல்லையென்றால் வாயார ஒரு நன்றி சொல்லலாம். கொடுப்பதானால் கிளம்புகிற அவசரத்தில் தலையணை மேல் வீசிவிட்டு வராமல், ஆளைத் தேடிப் பிடித்து, கையில் கொடுங்கள். எங்களைப் போலச் சின்ன விடுதியில் தங்குகிறவர்கள் ஊரிலேயே அந்தத் தொகையை ஒதுக்கிவிடுவது நல்லது. ஒதுக்கிய பிறகு, வேறு எதில் நஷ்டம் வந்தாலும் அதில் கை வைக்கக் கூடாது. நான் கை வைத்தேன். அரசாங்கத்தின் மேல் வந்த கோபத்தை, அந்த வரியில் ஒரு காசும் காணாத பையன் மேல் காட்டினேன். வெளியில் பட்ட எரிச்சலை வீட்டில் பிள்ளை முதுகில் காட்டுவோமே, அது மாதிரிதான் இதுவும்.

போன வாரம் காஸ் சிலிண்டர் கொண்டு வந்தவர் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றார். முன்பெல்லாம் இடது கையால் இருபது ரூபாயை நீட்டிவிட்டுக் கதவைச் சாத்துவேன். இப்போது ஒரு செம்பு தண்ணீர் கொடுத்து, “மெதுவா இறங்குங்கண்ணே” என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அதே இருபது ரூபாய்தான். அவர் முகத்தில் தெரிகிற வித்தியாசம் எனக்கே தெரிகிறது.

கணக்கு நோட்டில் மாலத்தீவுச் செலவுக்குக் கீழே இன்றைக்கு ஒரு வரி எழுதிச் சேர்த்துவிட்டேன்: ‘அறைப் பையனுக்கு, பாக்கி.’